ராப் பாடகரின் சொத்துக் கணக்கு

ராப் பாடகர் ஒருவரின் சொத்து இத்தனை கோடி என்று உலவும் எண்களில் பெரும்பாலானவை ஊகம்தான். அவர் ஏறி வரும் காரையும் யூடியூப் பார்வைகளையும் வைத்து யாரோ போட்ட மனக்கணக்கு அது. பார்வைகள் பாட்டு எவ்வளவு தூரம் போனது என்பதைச் சொல்லும். பணம் எந்த வீட்டு வாசலில் வந்து இறங்கியது என்பதைச் சொல்லாது. ஆகவே ராப் பாடகரின் செல்வத்தை அளக்க, அவர் பெயரில் எந்தெந்த உரிமைகள் இருக்கின்றன என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் ராப் பாடகர் ஜே-ஸி நூறு கோடி டாலர் சொத்தை எட்டிவிட்டார் என்று ஃபோர்ப்ஸ் இதழ் 2019இல் எழுதியபோது, அதில் பாட்டுகளின் உரிமைக்கு அது போட்ட மதிப்பு சுமார் 7.5 கோடி டாலர்தான். மீதியில் பெரும்பகுதி மதுபான நிறுவனங்களும் பங்குகளும். ‘அப்படியானால் பாட்டால் பணக்காரர் ஆக முடியாதே’ என்று கேட்கலாம். ஆனால் அவர் முதல் ஆல்பத்தையே கூட்டாளிகளோடு தொடங்கிய சொந்த நிறுவனத்தில் வெளியிட்டவர். உரிமையைக் கைவிடாத பழக்கம்தான் பின்னாளில் மற்ற தொழில்களுக்கும் போனது. இதற்கு மறுபக்கம் இன்னொரு ராப் பாடகரான கான்யே வெஸ்ட். 2022 அக்டோபரில் காலணி நிறுவனமான அடிடாஸ் அவருடனான ஒப்பந்தத்தை முறித்ததும், அவர் சொத்தில் ஏறக்குறைய 150 கோடி டாலரைக் கழித்துவிட்டு, நூறு கோடி டாலர்க்காரர் பட்டியலிலிருந்தே ஃபோர்ப்ஸ் அவரை எடுத்துவிட்டது. அடுத்தவர் கையெழுத்தை நம்பி நின்ற மதிப்பு ஒரே நாளில் போய்விட்டது.

தமிழில் இந்தக் கணக்கைப் பளிச்சென்று காட்டிய பாட்டு ‘எஞ்சாய் எஞ்சாமி’. 2021 மார்ச்சில் அதை மாஜா என்ற இசை நிறுவனம் வெளியிட்டது. அரக்கோணத்துக்காரரான ராப் பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அதில் கொண்டுவந்தார். 40 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள். ஆனால் 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து அதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனம் தன் தரப்பு விளக்கத்தைத் தந்தது. நியாயம் யார் பக்கம் என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் வரவு எங்கே என்று கேட்கும் நிலையில் படைத்தவர்கள் இருந்தார்கள். மண்ணில் உழைத்தவருக்கு மண் சொந்தமில்லை என்று வருந்தும் ஒரு பாட்டுக்கே இது நேர்ந்தது என்பது நெஞ்சைச் சுடுகிறது.

இத்தனைக்கும் நம் சட்டம் ராப் பாடகருக்குச் சாதகமானது. மற்ற பாடகர்கள் பெரும்பாலும் வேறொருவர் எழுதியதைப் பாடுகிறார்கள். ராப் பாடகர் தானே எழுதித் தானே பாடுவதால் பாடலாசிரியர் பங்கும் அவருக்கு உண்டு, பாடியவர் பங்கும் உண்டு. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியர் தன் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வரிகளின் மீதான உரிமை அவர் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். அந்தப் பணத்தை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது.

உரிமையால் வருவது சில்லறை, மேடைக் கச்சேரியும் சினிமாவும்தான் சோறு போடும் என்பார்கள். இன்றைய நிலவரத்தில் அது உண்மை. ஆனால் மேடைப் பணம் குரல் இருக்கும்வரைதான். ‘கிளப்புல மப்புல’ பாட்டால் 2011இல் பரவலாகத் தெரியவந்த ஹிப்ஹாப் தமிழா ஆதி இசையமைப்பு, நடிப்பு, இயக்கம் என்று நகர்ந்து, 2024இல் ‘கடைசி உலகப் போர்’ படத்தைத் தன் சொந்த நிறுவனத்திலேயே தயாரித்தார். நட்டமும் லாபமும் தன்னுடையது என்ற இடத்துக்கு வந்த பிறகுதான் வருமானம் சொத்தாகிறது. ஒடுக்கப்பட்டோரின் குரலாக எழுந்த கலையில் பணக்கணக்கு பார்ப்பது இழுக்கு என்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: உழைப்புக்குக் கூலி கேட்பதுதான் அந்தக் கலையின் பேசுபொருளே.

புதியவனுக்குப் பேரம் பேசும் வலு ஏது என்ற ஆட்சேபம் கனமானது. மணவாள நகரிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமோ ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டே ராப் எழுதும் இளைஞனுக்குச் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் எவ்வளவு என்று தெரியும். ஆனால் இணையத்தில் மலிவாக வாங்கிய பீட்டுக்கு, அதாவது ராப்புக்கான பின்னணி இசைக்கு, வந்த உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் பார்த்திருக்க மாட்டான். குறைந்த விலை உரிமங்கள் பல, இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் வரைதான் என்று வரம்பு கட்டுகின்றன. அதே பீட்டை வேறு பலருக்கும் விற்க இடம் தருகின்றன. பாட்டு ஓடினால் வரம்பைத் தாண்டியதற்கு மறுபடி காசு கட்ட வேண்டும். பேரத்தில் வலு இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தைப் படிப்பதற்குத் தடை ஒன்றுமில்லை. உரிமை மாற்று ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. நிறுவனங்கள் நீட்டும் தாளில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று இருந்தால், அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாற்ற மறுத்தால், விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.