குண்டு பல்ப் சொல்லும் தீர்ப்பு

பேஸ் கிதாரில் ஜி தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 98 ஹெர்ட்ஸ் வரும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பிரிட்ஜ் ரெக்டிஃபையரைத் தாண்டியதும் அதன் துடிப்பு 100 ஆகிறது. அதனால்தான் ஃபில்டர் கெப்பாசிட்டர் தளர்ந்துபோன பேஸ் ஆம்ப், யாரும் வாசிக்காதபோதும் ஏறக்குறைய ஜி சுருதியில் ரீங்கரிக்கிறது. ஓர் ஆக்டேவ் கீழே கேட்டால் சந்தேகம் எர்த் வயரிங் பக்கமோ, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் பக்கமோ போகும். மூடியைக் கழற்றும் முன்பே இதைக் காதால் பிரித்தறியும் மெக்கானிக்கின் சுருதி ஞானம் லேசுப்பட்டதல்ல.

இளையராஜாவுக்கு சசிதரனும் ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸைக் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. அந்த அடிநாதத்தை மேடையில் தாங்குவது பவர் சப்ளை. இ தந்தியின் 41 ஹெர்ட்ஸ் முழு ஒலியில் அதிர, டிரான்ஸ்ஃபார்மர் தாராளமாகக் கரன்ட் தர வேண்டும்.

ஆம்ப் செத்து, மாற்றிய பியூஸும் உடனே போனால், "டிரான்ஸ்ஃபார்மர் போச்சு" என்பதுதான் முதல் பேச்சு. பெரும்பாலும் அது அவசரப் பேச்சு. அவுட்புட் டிரான்சிஸ்டரோ பிரிட்ஜோ ஷார்ட் ஆனாலும் பியூஸ் அப்படியேதான் போகும்.

இங்கேதான் சீரிஸ் லாம்ப் வருகிறது. 100 வாட் குண்டு பல்ப் ஒன்றை மெயின்ஸ் ஃபேஸ் வயரில் தொடராக இணைத்து, அதன் வழியே ஆம்புக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. சூடேறச் சூடேறத் தடை கூடும் டங்ஸ்டன் இழைதான் வேண்டும். பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். அடுத்து பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வழியே இறக்கி, டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி வயர்கள் அத்தனையையும் கழற்றி, மறுபடி சுவிட்ச் போடுகிறார்கள். இப்போது மங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் தப்பித்தது. பிரிட்ஜ், கெப்பாசிட்டர், அவுட்புட் என ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே போக, எந்த இடத்தில் பல்ப் பிரகாசிக்கிறதோ அங்கே கோளாறு. ஓர் அழகான ஆலாபனைக்குரிய நிதானம் இந்த வரிசையில் உண்டு.

மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். நல்ல செகண்டரியே ஓர் ஓமுக்குக் கீழே காட்டும். பீப் சத்தத்தைக் கேட்டு ஷார்ட் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. நூற்றுக்கணக்கான சுற்றுகளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு சுற்றுகளை மீட்டர் கவனிக்காது. ஆனால் லோடே இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மர் கொதித்து வார்னிஷ் வாடை வந்தால், விஷயம் வெளிப்பட்டுவிடும். பிரைமரி முழுக்க ஓப்பன் என்றாலும் கைவிட வேண்டியதில்லை: சிலவற்றில் சுற்றுக்குள் புதைத்த தெர்மல் பியூஸ் மட்டும் போயிருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஆம்பை நேரே 230-இல் செருகினார்களா என்றும் கேட்டுவிட வேண்டும்.

உண்மையிலேயே எரிந்திருந்தால்? திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற சிறுபட்டறைப் பூமியை அருகில் வைத்திருக்கும் தென்சென்னைக்காரருக்குப் புதுசு தேடி அலைவதைவிடக் காயில் கட்டுவதே இயல்பான யோசனை. 'இ-ஐ' தகடுகளைப் பிரித்து, பழைய கம்பியின் கேஜைப் பார்த்து, சுற்றுகளை எண்ணிக்கொண்டே அவிழ்த்து, அதே கணக்கில் புதுசு சுற்றலாம். வளைய வடிவ டொராய்டில் ஒவ்வொரு சுற்றும் நடுத்துளை வழியே போய்வர வேண்டும். கூலியும் நேரமும் கூடும். எந்த வகையானாலும் வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகே ஆம்பில் ஏற்ற வேண்டும். முதல் சுவிட்ச், மறுபடியும் அந்தக் குண்டு பல்ப் வழியாகத்தான்.