வீட்டுக் கைகர் கருவியும் காற்று வடிகட்டியும்

வீட்டிலிருந்தபடியே கதிர்வீச்சைக் கண்காணிக்கும் பழக்கம் இரண்டு பொருள்களை நம்பியிருக்கிறது. ஒன்று கைகர் கருவி, மற்றொன்று காற்றிலுள்ள தூசியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. கருவியைக் காற்றில் நீட்டிப் பிடித்தால் காற்றிலுள்ள கதிரியக்கத் துகள்களைப் பற்றி ஏறக்குறைய எதுவும் தெரிவதில்லை. அவை அவ்வளவு அரிதாகவே மிதக்கின்றன. பல கன மீட்டர் காற்றை ஒரே தாளின் வழியாக இழுத்து, அதில் படிந்ததைக் குழாயின் முன் வைத்தால்தான் எண்ணிக்கை ஏறும். வேக்குவம் கிளீனரின் வாயில் வடிதாளைக் கட்டி 10 அல்லது 20 நிமிடம் ஓட்டுகிறார்கள். சிலர் ஏசி வடிகட்டியையோ காற்றுச் சுத்திகரிப்பானின் வடிகட்டியையோ கழற்றி அளக்கிறார்கள். 2011 மார்ச்சில் புகுஷிமா அணு உலை விபத்து நடந்தபின் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இந்தப் பழக்கம் வேகமாகப் பரவியது.

கருவியின் இதயமான குழாயை 1928-இல் ஹான்ஸ் கைகரும் வால்டர் முல்லரும் ஜெர்மனியின் கீல் நகரில் உருவாக்கினார்கள். குறைந்த அழுத்தத்தில் வாயு அடைத்த உருளை, அதன் நடுவே சில நூறு வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு கம்பி. கதிர் ஒன்று உள்ளே நுழைந்து வாயு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தால் மின்பெருக்கு உண்டாகி ஒரு துடிப்பு பதிவாகும். வந்த கதிர் வலியதா மெலியதா, சீசியத்திலிருந்து வந்ததா பொட்டாசியத்திலிருந்து வந்ததா என்பதெல்லாம் அந்தத் துடிப்பில் அழிந்துபோகின்றன. எளிமையும் மலிவும் இதனால் கிடைக்கின்றன. கருவியின் பெரிய குறையும் இதுவே. உலோகச் சுவர் கொண்ட சிறு குழாய்கள் காமாவையும் வலிய பீட்டாவையும் மட்டும் உணரும். மெல்லிய மைக்கா சன்னல் கொண்ட தட்டைக் குழாய்கள் ஆல்பாவையும் உணரும். வடிகட்டியை அளக்க இரண்டாம் வகையே ஏற்றது.

எண்ணிக்கை எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தட்டைக் குழாய் ஒன்று சாதாரண இடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 35 துடிப்புகளைக் காட்டுவதாகக் கொள்வோம். சிதைவு தற்செயலாக நடப்பதால், எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் இயல்பான ஏற்ற இறக்கம். இங்கே அது ஏறத்தாழ 6. ஆகவே ஒரு நிமிடத்தில் 24-உம் அடுத்த நிமிடத்தில் 46-உம் வந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை. பத்து நிமிடம் எண்ணினால் 350-க்கு 19, அதாவது ஐந்து விழுக்காட்டு ஆட்டம்தான். வீட்டில் எழும் பீதியில் பெரும்பங்கு இந்தக் கணக்கை மறந்ததால் வருகிறது. பொறுமையாக எண்ணுபவருக்கு விலை குறைந்த கருவியும் நேர்மையான விடை தரும்.

மைக்ரோசீவர்ட் திரை அதைவிட நுட்பமான சிக்கல். உடல் பெறும் கதிர்வீச்சைக் குறிக்கும் அந்த அளவு, துடிப்புகளை ஓர் எண்ணால் வகுத்துக் காட்டப்படுகிறது. பரவலாகப் புழங்கும் ஒரு தட்டைக் குழாய்க்கு நிமிடத்துக்கு 334 துடிப்பு என்பது மணிக்கு 1 மைக்ரோசீவர்ட். ஆனால் இது சீசியம்-137 உமிழும் காமாவுக்கு மட்டும் பொருந்தும். ஆல்பாவும் பீட்டாவும் உமிழும் வடிதாளைச் சன்னலின்மேல் வைத்துத் திரையில் தெரியும் மைக்ரோசீவர்ட்டைப் படிப்பது அடிப்படையிலேயே தவறு. அந்த எண் எந்த உடலும் பெறும் அளவு அன்று. வடிகட்டியை அளக்கும்போது நிமிடத் துடிப்பை மட்டும் குறித்துக்கொள்வதே முறை.

இனி வடிகட்டி. உலகில் எங்கே காற்றை இழுத்தாலும் தாள் கதிரியக்கம் காட்டும். மண்ணிலுள்ள யுரேனியத்தின் வழித்தோன்றலான ரேடான்-222 வாயு தரையிலிருந்து கசிந்துகொண்டே இருக்கிறது; அதன் அரை ஆயுள் 3.8 நாள். வாயு தாளில் தங்காது. ஆனால் அது சிதைந்து பிறக்கும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் ஆகிய சேய்த் தனிமங்கள் தூசியில் ஒட்டித் தாளில் படியும். மூடிய அறையில் கால்மணி நேரம் காற்றை இழுத்த தாள் பின்னணியைப் போலப் பல மடங்கு துடிப்புக் காட்டுவது சாதாரணம். ஈயம்-214-இன் அரை ஆயுள் 27 நிமிடம், பிஸ்மத்-214-இன் அரை ஆயுள் 20 நிமிடம். இரண்டும் தொடர்ச்சியாகச் சிதைவதால் தாளின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். நான்கைந்து மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பின்னும் சிறிது எஞ்சினால் அது தோரியத்தின் வழிவந்த ஈயம்-212 ஆக இருக்கலாம்; அதன் அரை ஆயுள் 10.6 மணி, முற்றும் தணிய மூன்று நாளாவது வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறாவிலும் கடற்கரை மணலில் தோரியம் நிறைந்த மோனசைட் கிடக்கிறது. அத்தகைய இடங்களில் மெதுவாகத் தணியும் இந்த எச்சத்தை எதிர்பார்த்தே அளக்க வேண்டும்.

ஆக, வடிகட்டிச் சோதனையின் உயிர் எண்ணில் இல்லை, எண் குறையும் வேகத்தில் இருக்கிறது. தாளை எடுத்த கணத்தில் ஒருமுறை அளந்து அறிவிப்பவர் ஏறக்குறைய எப்போதும் ரேடானைத்தான் அறிவிக்கிறார். அதே தாளை அரை மணிக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் அளந்து, மறுநாளும் நான்காம் நாளும் மீண்டும் அளப்பவர் இயற்கையைக் கழித்துவிடுகிறார். நான்காம் நாளிலும் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்து நின்றால்தான் அது ஆய்வகத்துக்கு அனுப்பத்தக்க தாள். அரை ஆயுள் 8 நாளான அயோடின்-131-உம், 30 ஆண்டான சீசியம்-137-உம் அப்படி நிற்கக்கூடியவை. இந்த ஒழுங்கோடு செய்தால் பள்ளி மாணவருக்கும் எட்டும் அருமையான சோதனை இது. கதிரியக்கச் சிதைவை வீட்டு மேசையிலேயே காணக் கிடைக்கும் வழிகள் வேறு அதிகமில்லை. ஒழுங்கில்லாமல் செய்தால் வதந்திதான் மிஞ்சும்.

மழையும் இதே பொறியை வைக்கிறது. மழைத்துளிகள் ரேடானின் சேய்த் தனிமங்களைக் காற்றிலிருந்து கழுவித் தரைக்குக் கொண்டுவருகின்றன. காரின் கண்ணாடியைத் துடைத்த தாள் சில நூறு துடிப்புக் காட்டும். புகுஷிமாவுக்குப் பின் அமெரிக்காவில் இத்தகைய காணொளிகள் கதிரியக்க மழை என்ற பெயரில் சுற்றின. இரண்டு மணி நேரம் காத்திருந்து அதே தாளை அளந்திருந்தால் பல பதிவுகளுக்கு வேலையே இருந்திருக்காது. ரேடான் அளவு நாளுக்குள்ளும் மாறும்: காற்று அசையாத விடியற்காலையில் தரையருகே தேங்கும், பிற்பகலில் கலைந்துவிடும். நேற்று மாலைத் தாளையும் இன்று விடியல் தாளையும் ஒப்பிடுவது பிழையான ஒப்பீடு. மாதக்கணக்கில் ஓடிய ஏசி வடிகட்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரேடான் வரிசையில் கடைசிக்கு அருகிலுள்ள ஈயம்-210-இன் அரை ஆயுள் 22 ஆண்டு. அது தூசியோடு சேர்ந்துகொண்டே வருவதால், அணு உலை எதுவும் காரணமில்லாமலே பழைய வடிகட்டியின் எண்ணிக்கை சற்று உயர்ந்து நிற்கலாம்.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் இந்தப் பழக்கத்தைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு ஜப்பானே சான்று. 2011 மார்ச் 15-இல் புகுஷிமா உலையிலிருந்து கதிரியக்க மேகம் வடமேற்கே நகர்ந்தது. பரவலைக் கணிக்கும் அரசின் கணினி முறைமையான ஸ்பீடியின் முடிவுகள் உரிய நேரத்தில் மக்களை எட்டவில்லை. நமியே நகரத்து மக்கள் பலர் மேகம் சென்ற திசையிலேயே இருந்த சுஷிமா பகுதிக்கு ஒதுங்கியிருந்தார்கள். பெரும்பகுதி உலையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த இடாதே கிராமம் வெளியேற்றப் பகுதியாக ஏப்ரல் 22-இல்தான் அறிவிக்கப்பட்டது. கடைகளில் கைகர் கருவிகள் தீர்ந்துபோன அந்த நாள்களில் தொடங்கிய சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வ அமைப்பு, தட்டைக் குழாயையும் ஜிபிஎஸ்ஸையும் இணைத்த கருவியைக் கார்களில் பொருத்தி, ஐந்து விநாடிக்கு ஒருமுறை பதிவு செய்து, தரவு முழுவதையும் யாரும் பயன்படுத்தும் வகையில் பொதுவில் வைத்தது. வட்டம் போட்டு எல்லை வகுத்த அரசு வரைபடங்களில் தெரியாத தெருவுக்குத் தெரு வேறுபாடு அதில் தெரிந்தது. இங்கே கைகர் கருவி தன் இயல்புக்கேற்ற கேள்விக்கு விடை சொன்னது: இந்த இடத்தைவிட அந்த இடத்தில் அதிகமா, குறைவா? ஒரே வகைக் கருவி, ஒரே உயரம், ஒரே முறை என்பதால் ஒப்பீடு நின்றது.

2011 அக்டோபரில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தன. தோக்கியோவின் செதகாயா வட்டத்தில் ஒரு தெருவோரம் மணிக்கு 2.7 மைக்ரோசீவர்ட் பதிவானது. எல்லோரும் புகுஷிமாவை நினைத்தார்கள். அருகிலிருந்த பழைய வீட்டின் தரைக்கடியில் ரேடியம் இருந்த பழம் புட்டிகள் கிடைத்தன; விபத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதே மாதம் சிபா மாகாணத்தின் காஷிவா நகரில் நிலத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே மணிக்கு 57.5 மைக்ரோசீவர்ட் அளக்கப்பட்டது. அது புகுஷிமாவின் சீசியம்தான். உடைந்த வடிகாலிலிருந்து கசிந்த மழைநீர் அதை ஒரே இடத்தில் குவித்திருந்தது. இரண்டிலும் முதலில் எச்சரித்தவர்கள் கருவியோடு நடந்த குடிமக்கள். ஆனால் எது ரேடியம், எது சீசியம் என்பதை அவர்கள் கையிலிருந்த கருவியால் சொல்ல முடியவில்லை. கண்டுபிடிக்கும் திறன் உண்டு, இனங்காணும் திறன் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான இணை கிடைப்பது அரிது.

உணவுச் சோதனையில் கருவி இன்னும் தடுமாறுகிறது. 2012 ஏப்ரல் முதல் ஜப்பானில் பொது உணவுக்கான சீசிய வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். குழாயின் சன்னலுக்கு எட்டும் 10 கிராம் கீரையில் அது விநாடிக்கு ஒரு சிதைவுதான். அதிலும் ஒரு பகுதியே குழாயை நோக்கி வரும். வாழைப்பழத்தில் இயற்கையாகவே கிலோவுக்கு நூறு பெக்கரலுக்கு மேல் பொட்டாசியம்-40 இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஈயக் கவசத்துக்குள் வைத்த காமா நிறமாலைமானி வேண்டும். இவாகி நகரத்துத் தாய்மார்கள் முன்னின்று 2011 நவம்பரில் திறந்த தாராசினே ஆய்வகம் அந்தத் தேவையை உணர்ந்து, நிறமாலைமானிகளையும் பின்னர் ஸ்ட்ரான்சியம்-90 அளக்கும் வசதியையும் பெற்றது. குடிமக்களின் கண்காணிப்பு கைகர் கருவியில் நின்றுவிடாமல் வளர வேண்டிய திசையை அது காட்டுகிறது.

தொலைதூர விபத்துகளைக் காட்டும் காவலாளியாக வீட்டு வடிகட்டியை நம்புவதும் தவறு. 2017 இலையுதிர்காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ருத்தேனியம்-106 கண்டறியப்பட்டது. ருமேனியாவில் உச்ச அளவு கன மீட்டருக்கு 176 மில்லிபெக்கரல். பிரான்சில் வெறும் மைக்ரோபெக்கரல்கள். கன மீட்டருக்கு 5 மில்லிபெக்கரல் உள்ள இடத்தில் 10 கன மீட்டர் காற்றை இழுத்தாலும் தாளில் நிமிடத்துக்கு 3 சிதைவுகளே நிகழும். 35 துடிப்புப் பின்னணியில் அது தெரியாது. அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தின் கண்காணிப்பு நிலையங்கள் மணிக்குக் குறைந்தது 500 கன மீட்டர் காற்றை ஒரு நாள் முழுக்க இழுக்கின்றன. ரேடான் வாரிசுகள் தணிய ஒரு நாள் காத்திருந்து, மேலும் ஒரு நாள் நிறமாலைமானியில் அளக்கின்றன. செனான் போன்ற மந்த வாயுக்களோ எந்த வடிதாளிலும் தங்குவதில்லை. மறுமுனையில், மிக வலிய கதிர்வீச்சில் கைகர் குழாய் ஒரு துடிப்பிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்து திணறும். சில கருவிகள் அப்போது பூச்சியத்தையே காட்டக்கூடும். மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் இந்தக் கருவி தவறவிடுகிறது.

வீட்டுக்குள் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய கதிரியக்கம் பெரும்பாலான நாடுகளில் அணு உலையிலிருந்து வருவதில்லை. தரையிலிருந்து வரும் ரேடான்தான் அது. 1984-இல் பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் கடந்துசென்றபோதெல்லாம் கதிர்வீச்சு எச்சரிக்கை மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. உலையில் அப்போது எரிபொருளே இடப்படவில்லை. காரணம் அவர் வீட்டில் கிடைத்தது: கன மீட்டருக்குச் சுமார் 1,00,000 பெக்கரல் ரேடான். வடிகட்டிச் சோதனையில் எல்லோரும் இடையூறு என்று கழித்துத்தள்ளும் அதே பொருள் இங்கே ஆபத்தாக நின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், நுரையீரல் புற்றுநோயில் 3 முதல் 14 விழுக்காடு ரேடானால் வருகிறது. அது முன்வைக்கும் வரம்பு கன மீட்டருக்கு 100 பெக்கரல்.

அந்த வரம்பைக் கைகர் கருவியாலும் வேக்குவம் கிளீனராலும் சோதிக்க முடியாது. தாளின் எண்ணிக்கை தூசி, காற்றோட்டம், நேரம் எல்லாவற்றோடும் மாறுவதால் அது சராசரியைத் தராது. காற்றுச் சுத்திகரிப்பானும் தீர்வு அன்று. சேய்த் தனிமங்களில் ஒரு பகுதியைப் பிடித்தாலும் வாயுவை விட்டுவிடுகிறது. ரேடானை அளக்க, ஆல்பாத் தடங்களைப் பதியும் சிறு பிளாஸ்டிக் தகட்டை மூன்று மாதமாவது அறையில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அளவு கூடுதலாக இருந்தால் தரைக்கடிக் காற்றை விசிறியால் உறிஞ்சி வெளியே விடுவது, காற்றோட்டத்தைக் கூட்டுவது ஆகியவை பயன்தரும் வழிகள். கைகர் கருவி வைத்திருக்கும் வீட்டுக்கும் அந்தத் தகடு தனியாகத் தேவை.