தும்பிக்கை தூக்குது கஜா!

யானை பார்க்கணும்னா எங்க மல்லாங்கிணறு ஆளுங்க மதுரைக்கு பஸ் ஏறணும், இல்லேன்னா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. இப்ப அருப்புக்கோட்டையிலேயே ஒண்ணு நிக்குதுங்க, கரண்ட்ல ஓடுற யானை, பேரு கஜா!

2025 ஜூன்ல நடிகை த்ரிஷாவும் சென்னை ‘பீப்பிள் ஃபார் கேட்டில் இன் இந்தியா’ அமைப்பும் சேர்ந்து, அஷ்டலிங்க ஆதிசேஷ செல்வ விநாயகர், அஷ்டபுஜ ஆதிசேஷ வாராகி அம்மன் கோயில்களுக்குக் கொடுத்தது. த்ரிஷா பேரைக் கேட்டுத்தான் நான் ஓடினேன்னு வீட்ல சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும்.

நினைச்சுப் பாருங்க, சூடம் வாசனை, கால் வைக்க முடியாத வெயில், நடுவுல 3 மீட்டர் உயரத்துக்குக் கன்னங்கரேல்னு ஒரு உருவம், காது விசிறுது, வால் ஆடுது, கண்ணு உருளுது, தும்பிக்கை மெல்ல மேலே போகுது, இன்னும் மேலே போகுது, சர்ருன்னு தண்ணி என் மூஞ்சியில! சின்னப் பிள்ளைகளை ஒதுக்கிட்டு முன்னாடி நின்ன இந்த நரைச்ச தலை, ‘ஏ யாத்தே’ன்னு கத்தினதுல பக்கத்துல நின்ன அம்மா சிரிச்சே சிரிச்சாங்க, எனக்கு வெக்கமே இல்ல, இன்னொருவாட்டி அடிங்க தம்பின்னு சுவிட்ச் போடுறவர்கிட்ட கெஞ்சினேன். தொட்டுப் பார்த்தேன், சுருக்கம் சுருக்கமா ரப்பர் தோல், வெயில்ல கதகதன்னு, உசுரு இருக்கிற மாதிரியே! உள்ளே இரும்பு, ஃபைபர், நுரை, 5 மோட்டார், மொத்தம் 800 கிலோ. தானா நடக்காதுதான், சக்கரத்துல உருட்டணும். அதனாலென்ன? காலைப் பாருங்க, சங்கிலித் தழும்பு இல்ல!

அந்தக் கிறுக்குல இந்த மாதிரி யந்திரப் பிராணிகளைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். 1970ல எட்வர்ட் இனாடோவிச்னு ஒரு சிற்பி, நெதர்லாந்து ஐந்தோவன்ல பிலிப்ஸ் கண்காட்சிக் கூடத்துல ‘சென்ஸ்டர்’னு ஒரு இரும்புப் பிராணியை நிறுத்தினாராம். மெல்லப் பேசினா தலையைக் கிட்டக் கொண்டுவருமாம், சத்தம் போட்டா விலகிக்குமாம்! நான் கத்தின கத்தலுக்கு அது ஊரைவிட்டே ஓடியிருக்கும். 1974ல பிரிச்சுப் போட்டுட்டாங்க, பாவிங்க. பிரான்ஸ்ல நாந்த் ஊர்ல 12 மீட்டர் உயர யந்திர யானை 2007லேர்ந்து ஆளுங்களை ஏத்திக்கிட்டு நடக்குது. நம்ம பக்கம் 2023 பிப்ரவரியில திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கோயிலுக்கு வந்த யந்திர யானை ராமன்தான் மூத்தவன். அந்த வம்சத்துலதான் நம்ம கஜாவும், யாரும் பொம்மைன்னு சொல்லாதீங்க!

பிள்ளைகளோட ஒரு நடை போய்ட்டு வாங்க. தும்பிக்கைக்கு நேரா நில்லுங்க, செல்போனை மட்டும் யாருகிட்டயாவது கொடுத்துட்டு.