தூதும் வரைபடமும்

பிரிந்திருக்கும் அன்பரை நினைந்து ஏங்குவோர் மேகத்தையும் நாரையையும் கிளியையும் தூது விடுவது நம் புலவர் மரபு. தம் நெஞ்சையே தூது விட்டாரும் உளர். இவையெல்லாம் பழங்காலத்துப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் நம்மிடையே பலர். அவர்களை ஒன்று கேட்கிறோம். கெமாஸ் வட்டாரத் தோட்டமொன்றில் ஒரு தாய். அவள் மகன் சிறையில். இரவில் கைப்பேசியை எடுத்து, வானத்தினின்று பிடித்த படத்தில் அச்சிறையைத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் செய்வது யாது? தூது விடுதலே அன்றோ?

2005-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. அரசாங்கங்களும் படைத்தலைவர்களும் கண்ட காட்சி ஏழையின் உள்ளங்கைக்கு வந்தது. அத்தாயின் விரல் கெமாஸ் நிலையத்தை விட்டுப் புறப்படுகிறது. சிகாமட், லாபிஸ், யோங் பெங், ஆயர் ஈத்தாம் எனப் பெருஞ்சாலை வழியே இறங்கி, சிம்பாங் ரெங்கம் சிறையண்டை நிற்கிறது. வழியெல்லாம் செம்பனை, வரிசை பிசகாத பச்சைப் புள்ளிகளாக. பிறகு மதில், முற்றம், நீண்ட கூரைகள். எந்தக் கூரையின் கீழ் இருக்கிறான் மகன்? படம் அதைச் சொல்லாது. அது இன்று எடுத்த படமுமன்று. அவன் சிறை புகுமுன்னரே எடுத்ததாகவும் இருக்கலாம்.

இங்கே காளிதாசனின் மேகதூதத்தை நினைவுகூர்தல் தகும். அதன் தலைவனாகிய யக்கனும் தண்டனை பெற்றவனே. கடமை தவறியதற்காக ஓராண்டு வீட்டைப் பிரிந்து இராமகிரியில் இருக்கும்படி சபிக்கப்பட்டவன். அக்காவியம் இரு பகுதிகளாயது. முற்பகுதி முழுதும் வழி. மலையும் ஆறும் நகரமுமாக மேகம் மேலிருந்து காண்பவை. பிற்பகுதியோ வீடு. கூண்டுப் பறவையோடு பேசியும், வாசற்படியில் பூவை வைத்து மிஞ்சிய மாதங்களை எண்ணியும் காத்திருக்கும் மனைவி அங்கேதான் நமக்குத் தெரிகிறாள். முற்பகுதியோடு நூல் முடிந்திருக்குமாயின் அதனை நிலநூல் என்று பாராட்டியிருப்போம். கண்ணீர் விட்டிருக்க மாட்டோம்.

நம் சத்திமுத்தப் புலவரோ வழியைச் சில சொற்களில் சொல்லி முடிக்கிறார். மதுரையில் குளிரில் நடுங்கும் அவ்வேழை, நாரைக்குத் தம் ஊர்க் குளத்தைக் காட்டியதும் பாட்டு கூரைக்குள் புகுந்துவிடுகிறது. மழையில் நனைந்த சுவர். பல்லியின் ஒலிக்குச் செவி சாய்த்திருக்கும் மனைவி. தம்மையோ பேழைக்குள் அடைபட்டு மூச்சுவிடும் பாம்புக்கு ஒப்பிடுகிறார். சிறைப்பட்டவனுக்கு இதனினும் ஏற்ற உவமை உண்டோ? யக்கனுக்கு மணிமாடம் உண்டு. தோட்டத் தமிழனுக்கு நெருங்கிய உறவினர் சத்திமுத்தப் புலவரே.

அமெரிக்காவில் ஜாஷ் பெக்லி என்பார் 2012-இல் அந்நாட்டுச் சிறைகளின் வான்படங்களைத் திரட்டிக் காட்டினார். அடுக்கடுக்காய் மதிலும் கூரையும்; மனித முகம் இல்லை. இத்தனை சிறைகளா என்று காண்போரைத் திடுக்கிடச் செய்வது அதன் வெற்றி. சீனத்தின் சிஞ்சியாங்கில் மறைக்கப்பட்ட தடுப்பு முகாம்களை இத்தகைய படங்களின் துணைகொண்டு வெளிப்படுத்தி, மேகா இராஜகோபாலனும் அவர் தோழர் இருவரும் 2021-இல் புலிட்சர் பரிசு பெற்றனர். ஆகவே இக்கருவியை இகழ்வதற்கில்லை. சிறை எங்குளது என்று உலகுக்குக் காட்ட அது வல்லது. உள்ளிருப்பவனிடம் ஒரு சொல் கொண்டுசெல்ல அதனால் ஆகாது.

கெமாஸ் மக்களுக்குப் பிரிவு புதிதன்று. ஜப்பானியர் ஆட்சியில், இச்சந்தியினின்று கிழக்குக்கரைக்குச் செல்லும் பாதையின் தண்டவாளங்களை நெடுந்தூரம் பெயர்த்துச் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுபோயினர். தோட்டத் தமிழரையும் அவ்வாறே கொண்டுபோயினர். இங்கே தனித்து நின்ற பெண்டிர் பலருக்குப் படமும் இல்லை, தூதும் இல்லை. இன்றைய தாய்க்கு இடமேனும் தெரிகிறது.

ஆனால் அவள் தேடியது மகனுக்குத் தெரியாதே! படம் காவியத்தின் முற்பகுதி மட்டுமே. பிற்பகுதியை அவள்தான் எழுத வேண்டும். வீட்டுக் கூரை ஒழுகுவதையும், வாசல் முருங்கை பூத்ததையும், அவன் தங்கை பள்ளி செல்வதையும் கடிதத்தில் எழுதட்டும். எழுத்தறியாதவளாயின் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும்.

யாரிடம் போய்க் கேட்பாள்? மகன் சிறையில் என்றதும் முகம் திருப்பும் ஊரல்லவா நம்முடையது! அவன் குற்றத்துக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தாயிற்று. தாய்க்குத் தண்டனை விதிக்க நாம் யார்? பகலில் பேச ஆளில்லாமையால் அன்றோ அவள் இரவில் தனியே படத்தைப் பார்க்கிறாள்! தூது இலக்கியத்தைப் போற்றும் அன்பர்கள் இவ்வாரம் அவள் வீட்டுக் கதவைத் தட்டுக. ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு செல்லுக.