துவர்ப்பு கனியும் காலம்

பிரான்சின் தென்மேற்கில் கரோன், தோர்தோன் என்னும் ஆறுகள் கூடி ஜிரோந்த் கழிமுகமாக அகல்கின்றன. அதன் இரு கரைகளிலும் பரந்து கிடப்பது போர்தோ. சிவப்பு ஒயினின் தரத்தை யார், எதைக் கொண்டு முடிவு செய்வது என்ற கேள்விக்கு இந்த நாட்டில் ஒரே விடை இல்லை. வட்டாரத்துக்கு ஒரு விடை உண்டு.

மெதோக் வட்டாரத்தின் விடை விலை. 1855இல் மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோத் தரகர்கள் ஒரு பட்டியல் தந்தார்கள். எந்தத் தோட்டத்தின் ஒயின் ஆண்டாண்டாக என்ன விலைக்குப் போயிற்று என்பதே அவர்களுடைய அளவுகோல். ஐந்து வகுப்புகள் பிறந்தன. முதல் வகுப்பில் லஃபீத், லத்தூர், மர்கோ ஆகியவற்றோடு கிராவ் வட்டாரத்து ஓ-பிரியோனும் இடம்பெற்றது. பின்னர் அந்த வகுப்பில் சேர்ந்தது மூத்தோன் ரோத்ஷீல்ட் ஒன்றே, அதுவும் 1973இல்தான்.

வலக்கரையில் செயின்ட் எமிலியோன் 1955 முதல் தனிப் பட்டியல் வைத்து, ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது. பக்கத்துப் பொமெரோலுக்குப் பட்டியலே கிடையாது. ஆயினும் அங்கு விளையும் பெத்ருஸ் முதல் வகுப்பு ஒயின்களோடு விலையில் போட்டியிடுகிறது. போர்தோவுக்கு வெளியே, பர்கண்டி வட்டாரம் தரம் கொடுப்பது உடைமையாளருக்கு அன்று, நிலத்துக்கு. குளோ தெ வூஜோ என்னும் மதில் சூழ்ந்த ஏறக்குறைய 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு எண்பது பேரளவில் உடைமையாளர்கள். அத்தனை பேருக்கும் ஒரே தகுதி. கைப்பக்குவம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

இத்தனை முறைகளுக்கும் பொதுவான தேர்வு ஒன்று உண்டு: முதுமை. மெதோக்கின் சரளை மண் நீரைத் தேக்காது. பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சொவின்யோவுக்கு அது ஏற்ற நிலம். தடித்த தோலுடைய அந்தச் சிறு பழம் தரும் புது ஒயின் கருஞ்சிவப்பாக இருக்கும். துவர்ப்பு நாக்கை இறுக்கிப் பிடிக்கும். வலக்கரையின் களிமண்ணில் செழிக்கும் மெர்லோ அதனோடு கலந்து சதைப்பற்றும் மென்மையும் சேர்க்கும். 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் இருத்தி, அடிக்கசடு நீங்கப் பீப்பாய் மாற்றி, முட்டை வெண்கருவிட்டுத் தெளிய வைக்கிறார்கள்.

மிச்ச வேலை புட்டிக்குள் நடக்கிறது. தக்கை காயாதபடி புட்டியைப் படுக்க வைப்பார்கள். துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனத்து வண்டலாகப் படியும். நிறம் செங்கல் சாயலுக்கு இறங்கும். பழவாசனை ஒடுங்கி, தேவதாரு, புகையிலை, மழையில் நனைந்த சருகு ஆகியவற்றின் மணம் எழும். பரிமாறுமுன் புட்டியை ஒருநாள் நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குப் பின்னே விளக்கொளி தெரிய மெல்லச் சாய்த்து, வண்டல் தலைகாட்டியதும் நிறுத்திவிட வேண்டும்.

முதுமை என்னும் இந்தத் தேர்வில் நின்று வென்றதற்குச் சான்று மர்கோ பகுதியிலுள்ள ஷாட்டோ பால்மர். 1855 பட்டியலில் அது மூன்றாம் வகுப்பு. மெதோக்கில் அரிதாக, அங்கு மெர்லோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1961இல் வசந்த உறைபனியாலும் பூ சரியாகப் பிடிக்காததாலும் போர்தோவில் விளைச்சல் சுருங்கியது. எஞ்சிய குலைகளில் சாறு செறிந்தது. அந்த ஆண்டின் பால்மரை முதல் வகுப்பு ஒயின்களுக்கு நிகராக வைத்துப் போற்றுகிறார்கள் சுவையறிந்தோர்.

பட்டியலில் பால்மர் இன்றும் மூன்றாம் வகுப்புதான். அதைத் திருத்தியாக வேண்டும் என்று நான் கருதவில்லை. தரகர்கள் தங்கள் காலத்துச் சந்தையை நேர்மையாக எழுதிவைத்தார்கள். அவர்களுக்கு நூறாண்டுக்குப் பின் ஒரு தோட்டத்தார் பட்ட பாட்டை அந்தத் தாளில் தேடுவது முறையன்று; அது வண்டலுக்கு மேலே தெளிந்து நிற்கிறது.