சுவர் வீழ்ந்தது, சுமை?

அடுக்களைக்கும் உண்ணும் கூடத்துக்கும் இடையே நிற்கும் சுவரை இடித்துவிட்டால் இல்லம் விரியும், இல்லத்தரசியின் துயர் தீரும் என்று புகல்கின்றனர் புதுமனை வகுப்போர். இடிக்கட்டும்! இடிப்பது கண்டு கலங்குவோர் அல்லர் நாம். ஆயினும் கடப்பாரை தூக்குமுன், அந்தச் சுவரின் கதையைச் சிறிது கேளுங்கள், தோழர்களே.

1926ஆம் ஆண்டு. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், முதல் உலகப் போருக்குப் பின் மூண்ட வீட்டுப் பஞ்சம் போக்க, எர்ன்ஸ்ட் மே தலைமையில் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுக்கு அடுக்களை வகுத்தவர் மார்கரெட் லிஹாட்ஸ்கி என்னும் ஆஸ்திரிய மங்கை. அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, நீளம் மூன்றரைக்குள். ஆலைத் தொழிலாளியின் அசைவை அளந்த முறையை அடுப்படிக்குக் கொணர்ந்தார். சுழல் நாற்காலி, சுவரோடு மடங்கும் இஸ்திரிப் பலகை, அரிசிக்கும் சர்க்கரைக்கும் தனித்தனி அலுமினியப் பெட்டி! வியக்கத்தான் வேண்டும். ஈ அண்டாது என நம்பி நீல வண்ணமும் பூசினர், ஈக்களைக் கேட்டாரில்லை! சுமார் 10,000 வீடுகளில் அமைந்தது அந்த அடுக்களை.

நடை குறைந்தது, உண்மை. ஆனால் அங்கு ஒருவருக்கே இடம். அந்த ஒருவர் யார்? சொல்லவும் வேண்டுமோ! உதவாத கணவனுக்கு, "உள்ளே நிற்க இடமேது?" என்னும் சாக்கையும் சேர்த்தே கட்டித் தந்தனர். பெண்ணைத் தனிமைச் சிறையிலிட்டது இது எனப் பின்னாளில், 1970களில், பெண்ணுரிமையாளர் சாடினர். அம்மையார்மீது மட்டும் பழி போடுவது முறையன்று. கூடத்துக்கு அகன்ற தள்ளுகதவு வைத்து, பிள்ளைகளைப் பார்த்தபடியே சமைக்க வழி செய்தவர் அவர். நாஜிகளை எதிர்த்து 1941இல் சிறை புகுந்தவரும் அவரே.

1937இல் அமெரிக்காவின் மாடிசன் நகரில் பிராங்க் லாயிட் ரைட் கட்டிய ஜேக்கப்ஸ் இல்லத்தில், உண்ணும் இடத்தோடு இணைந்தது அடுக்களை. 'பணியிடம்' என்று புதுப்பெயரும் சூட்டினார் ரைட். பெயர் மாறியது, பணி செய்யும் கை மாறிற்றா?

சுவர் இருந்தவரை, கழுவாத பாத்திரத்தையும் கரி படிந்த அடுப்பையும் மறைக்க ஒரு கதவேனும் இருந்தது. சுவர் போனதும் அடுப்படி காட்சிக்கூடமாகிறது. துலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விருந்தினர் வரும் நேரமெல்லாம். வேலை கூடியது! எனினும் ஒரு நன்மையை ஒப்புவோம். அடுப்பருகே வியர்ப்பவரை, நாற்காலியில் சாய்ந்திருப்பவர் இனிக் காணாதவர்போல் இருத்தல் இயலாது. உண்ட தட்டை எடுத்துச் சென்று கழுவ, தடுக்கும் சுவரும் இல்லை. நான்கே அடி நடந்தால் போதும். ஆடவர் அந்த நான்கடியை நடக்கும் வீட்டில், இந்த இடிப்பை நாம் மனமார வரவேற்போம்.