இரண்டு கண்களும் பன்னிரண்டு கைகளும்: இந்தியச் சிறைப் பனுவல்களில் எழுத்தும் உழைப்பும்

சிறை சார்ந்த எழுத்துகளைத் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் தியாக வரலாற்றின் பகுதியாகவே அணுகி வந்துள்ளது. திலகர் மாண்டலேச் சிறையில் 'கீதா ரகசியம்' எழுதியமையும், நேரு அகமதுநகர்க் கோட்டையில் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' எழுதியமையும் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுவன. 'சிறை ஒரு பல்கலைக்கழகம்' என்னும் வழக்கு இத்தகைய எடுத்துக்காட்டுகளால் வலுப்பெற்றதாகும். ஆயின், அப்பல்கலைக்கழகத்தின் கூடத்தைப் பெருக்கியவர் யார், சோறு சமைத்தவர் யார், கழிப்பிடத்தைத் தூய்மை செய்தவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன.

சிறைவாசிகளுக்கான கல்வி, தொழில், மறுவாழ்வுத் திட்டங்களைப் பற்றிய பனுவல்களை மதிப்பிடுவதற்கு இவ்வினாக்களே தக்க தொடக்கமாகும். ஒரு திரைப்படம், ஓர் அதிகாரியின் நூல், ஒரு தன்வரலாறு, சிறை விதித்தொகுப்புகள் ஆகியவற்றை ஒருசேர வைத்து நோக்கும் இக்கட்டுரை, சிறைக்குள் எழுத்தும் உழைப்பும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதை ஆராய்கின்றது.

கண்ணும் கையும்

இந்தியச் சிறைச் சீர்திருத்தத்தின் புகழ்பெற்ற கதை வி. சாந்தாராம் இயக்கிய 'தோ ஆங்கே பாரஹ் ஹாத்' (1957) என்னும் இந்தித் திரைப்படமாகும். அவுந்து சுதேச அரசில் மாரிஸ் ஃபிரிட்மேனின் முயற்சியோடு தொடங்கப்பெற்ற சுதந்திரபூர்த் திறந்தவெளிச் சிறையே அதற்கு மூலம். கொலைக்குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற ஆறு பேரைச் சிறை அதிகாரி ஒருவர் தரிசு நிலமொன்றுக்கு அழைத்துச் சென்று, பூட்டும் விலங்கும் இன்றி உழவு செய்ய வைத்து, அவர்களை மனிதர்களாக மீட்கிறார். எம்.ஜி.ஆர். நடித்த 'பல்லாண்டு வாழ்க' (1975) வாயிலாகத் தமிழ்ப் பார்வையாளர்களும் இக்கதையை நன்கறிவர்.

இப்படத்தின் தலைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 'இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள்' என்பது அதன் பொருள். கண்கள் அதிகாரிக்குரியவை, கைகள் கைதிகளுக்குரியவை. ஒருவர் பார்க்கிறார், அறுவர் உழைக்கின்றனர். அதிகாரியின் பார்வை இவர்களின் மனச்சான்றாக மாறுவதே திருந்துதல் என்று கதை கொள்கிறது. தண்டனையைக் காட்டிலும் நம்பிக்கை ஆற்றல் மிக்கது என்னும் அதன் செய்தி உயர்வானதே; சிறைக் கம்பிகளுக்கு அப்பால் மண்ணும் மழையும் மனிதரை மீட்கக்கூடும் என்று காட்டிய வகையில் அப்படத்தின் இடம் மறுக்க முடியாதது. எனினும் கைகளுக்கு உரியோர்க்குத் தமக்கென ஒரு பார்வை உண்டு என்பதை அக்கதைக் கட்டமைப்பு ஏற்கவில்லை. மறுவாழ்வுச் சொல்லாடலின் அடிப்படை வடிவம் இதுவே எனலாம்.

அதிகாரியின் பனுவல்

கிரண் பேடியின் 'இட்ஸ் ஆல்வேஸ் பாசிபிள்' (1998) என்னும் ஆங்கில நூல் இவ்வடிவத்தின் வளர்ந்த நிலையைக் காட்டுகிறது. 1993 முதல் 1995 வரை தில்லிச் சிறைத்துறையின் தலைவராக அவர் ஆற்றிய பணிகளை அந்நூல் விவரிக்கிறது. எழுத்தறிவு வகுப்புகள், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வி மையம், நடமாடும் முறையீட்டுப் பெட்டி, 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறைவாசிகள் பங்கேற்ற விபசனா தியானப் பயிற்சி ஆகியன திகார்ச் சிறைக்கு நாடளாவிய கவனத்தைப் பெற்றுத் தந்தன.

இந்நூலில் இருவேறு போக்குகள் இணைந்துள்ளன. நூலின் எழுவாய் பெரும்பாலும் அதிகாரியே. சிறைவாசி மாற்றத்திற்கு உள்ளாகும் செயப்படுபொருளாக நிற்கிறார். முறையீட்டுப் பெட்டியில் விழுந்த தாள்களின் வழியாகவே அவரது குரல் பேரளவில் உட்புகுகிறது. மறுபுறம், எழுத்தறிந்த சிறைவாசிகளே எழுத்தறியாதவர்களுக்குக் கற்பித்தனர் என்னும் செய்தி இக்கட்டமைப்பை உள்ளிருந்தே உடைக்கிறது. கற்பிக்கும் கைதி வெறும் கையாக நிற்பதில்லை. அவருக்குக் கண் உண்டு. நூலின் மிகச் சிறந்த பகுதியும் நூலாசிரியரின் பார்வை முழுமையாக ஊன்றி நிற்காத பகுதியும் இதுவேயாகும்.

இத்தகைய நூல்கள் எல்லாவற்றிற்கும் பொதுவான இடைவெளி ஒன்றும் உண்டு. மறுவாழ்வுக் கதையின் தலைவன் தண்டனைக் கைதி. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அஃதாவது ஏறத்தாழ 76 விழுக்காட்டினர், விசாரணைக் கைதிகள். குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரைத் 'திருத்துவது' எங்ஙனம் என்னும் முரண், இக்கதை வடிவத்திற்குள் இடம்பெறவே இயலாது.

கைகள் கண் பெறுதல்

மேற்கண்ட வடிவத்திற்கு எதிர்நிலையில் வைத்துப் பயிலத்தக்கது வங்க எழுத்தாளர் மனோரஞ்சன் பியாபாரியின் தன்வரலாறாகிய 'இதிபிருத்தே சண்டாள் ஜீபன்'. சிப்ரா முகர்ஜியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வெளிவந்தது. கிழக்கு வங்கத்தில் நாமசூத்திரர் குடும்பத்தில் பிறந்து, பிரிவினைக்குப் பின் அகதியாக மேற்கு வங்கம் வந்து, தேநீர்க் கடையிலும் மாடு மேய்ப்பிலும் இளமையைக் கழித்த அவர், பள்ளி வாயிலை மிதிக்காமலேயே வளர்ந்தவர். இருபதுகளின் நடுவில் நக்சல்பாரி இயக்கத் தொடர்பால் சிறை புகுந்தபோதுதான் அவருக்கு எழுத்து வாய்த்தது.

அவ்வெழுத்தைத் தந்தது அரசின் திட்டம் எதுவுமன்று. மூத்த கைதி ஒருவர் தரையில் எழுத்துகளை வரைந்து காட்டிக் கற்பித்தார். எண்ணையும் எழுத்தையும் கண்களென உரைக்கும் திருக்குறள் மரபில் நின்று நோக்கின், சாந்தாராமின் படத் தலைப்பு இங்கே தலைகீழாகிறது. கண், அதிகாரியிடமிருந்து இரவலாக வரவில்லை; ஒரு கைதியின் கை மற்றொரு கைதிக்குக் கண்ணைத் தருகிறது.

சிறையில் கற்ற எழுத்து வெளியே உடனே வாழ்வளித்தது என்றும் இத்தன்வரலாறு சொல்வதில்லை. விடுதலைக்குப் பின் பியாபாரி ஜாதவ்பூர்ப் பகுதியில் ரிக்சா இழுத்தார். தம் வண்டியில் ஏறிய பெண்மணி ஒருவரிடம், நூலொன்றில் தாம் படித்த 'ஜிஜிபிஷா' (வாழும் வேட்கை) என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டார். அப்பெண்மணி மகாசுவேதா தேவி. அவர் நடத்திய 'பர்திகா' இதழில் 1981இல் பியாபாரியின் எழுத்து முதன்முறையாக அச்சேறியது. அதன் பின்னரும் காதுகேளாதோர், பார்வையற்றோர் பயிலும் பள்ளியொன்றில் சமையற்காரராகவே நெடுங்காலம் உழைத்தார். கல்வி பெற்றால் மறுவாழ்வு என்னும் திட்ட ஆவணங்களின் நேர்கோட்டுச் சமன்பாட்டை இவ்வாழ்க்கை ஏற்க மறுக்கிறது. எழுத்து அவரை எழுத்தாளர் ஆக்கியது. உழைப்பின் படிநிலையோ பல்லாண்டுகள் அசையாமல் நின்றது.

விதித்தொகுப்பு என்னும் பனுவல்

அப்படிநிலை சிறைக்குள் எழுத்து வடிவிலேயே இருந்தது என்பது கருதத்தக்கது. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தைப் பின்பற்றி மாநிலங்கள் வகுத்துக்கொண்ட விதித்தொகுப்புகள் இலக்கியத் திறனாய்வின் கண்ணில் படாத பனுவல்கள். 1919-20ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைக் குழு, திருத்துதலைச் சிறை ஆட்சியின் நோக்கமாக அறிவித்த பின்னரும், எந்தக் கைக்கு எந்த வேலை என்பதைச் சாதியே முடிவு செய்யும் விதிகள் நிலைத்து நின்றன.

மேற்கு வங்கச் சிறை விதித்தொகுப்பு, சமையலுக்குத் 'தகுந்த சாதி'யைச் சேர்ந்த கைதிகளை வேண்டியது. துப்புரவுப் பணிக்கு மேத்தர், ஹாரி ஆகிய சாதியாரையும், வட்டார வழக்கத்தில் அத்தகைய வேலையைச் செய்வோராயின் சண்டாளர் முதலியோரையும் தெரிவு செய்யுமாறு விதித்தது. 'சண்டாளர்' என்னும் சொல் 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 'நாமசூத்திரர்' என மாற்றப்பெற்றுவிட்டது. சிறை விதி அதனைக் கைவிடவில்லை. பியாபாரியோ அதே சொல்லைத் தம் தன்வரலாற்றின் தலைப்பாக எடுத்தாண்டார். ஒரே சொல், ஒரு பனுவலில் துடைப்பத்தை யார் கையில் கொடுப்பது என்று ஆணையிடுகிறது. மற்றொரு பனுவலில் தன் வரலாற்றைத் தானே எழுதும் ஒருவரின் உரிமைக் குரலாகிறது. சமையற்கட்டுக்குத் 'தகுதியற்றது' என்று விதி ஒதுக்கிய அதே கை, வெளியே ஒரு பள்ளியின் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சோறு சமைத்தது என்பதும் இவ்விரு பனுவல்களையும் அடுத்தடுத்து வைக்கும்போதுதான் புலப்படுகின்றது.

இவ்விதிகள் வங்கத்திற்கு மட்டும் உரியனவல்ல. வெறுங்காவல் தண்டனை பெற்றவரை இழிவெனக் கருதப்படும் பணிகளில் ஈடுபடுத்தலாகாது என்ற உத்தரப் பிரதேச விதி, அப்பணிகளைச் செய்து பழகிய சமூகத்தவருக்கு மட்டும் அப்பாதுகாப்பை மறுத்தது. இத்தகைய விதிகளைப் பற்றி இதழாளர் சுகன்யா சாந்தா 2020இல் எழுதிய ஆய்வறிக்கையும் அவர் தொடுத்த வழக்கும் 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தன. சாதி அடிப்படையிலான வேலைப் பங்கீடு அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானது என்றும், விதித்தொகுப்புகளை மூன்று மாதங்களுக்குள் திருத்த வேண்டும் என்றும், சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான பத்தியை நீக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. கடுங்காவல் கைதிகளின் உழைப்புக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்று அதே நீதிமன்றம் 1998இல் குசராத் வழக்கில் கூறியிருந்தது. உழைப்பின் விலையைப் பற்றிய வினாவுக்கும், அவ்வுழைப்பு யாருடையது என்னும் வினாவுக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தன.

செக்கின் பொருள்

இப்பின்னணியில் தமிழ் மரபின் மிக வலிய சிறைப் படிமத்தையும் மீள நோக்க வேண்டியுள்ளது. 1908இல் தண்டனை பெற்ற வ.உ.சிதம்பரம் பிள்ளை கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். சிறையில் மொழிபெயர்ப்புப் பணியும் செய்தார். எழுத்தும் கடுமுழைப்பும் ஒரே உடலில் கூடிய அரிய நேர்வு அது. அவரது செய்யுள் வடிவச் 'சுயசரிதை' அதற்குச் சான்றாக நிற்கிறது.

ஆயின் செக்கு என்னும் படிமம் நம்மை உலுக்குவது எதனால்? மாடு சுற்ற வேண்டிய இடத்தில் மனிதர் சுற்றினார் என்பதனால் மட்டுமன்று. கற்றறிந்த வழக்குரைஞர் சுற்றினார் என்பதனாலும் ஆகும். அந்த இரண்டாவது அதிர்ச்சிக்குள், அவ்வேலை வேறு சிலர்க்கு இயல்பானது என்னும் எண்ணம் ஒளிந்துள்ளது. எண்ணெய் ஆட்டுதல் அக்காலச் சிறைகளில் கடுங்காவல் கைதிகளுக்குப் பொதுவாக இடப்பட்ட வேலை. அதனைச் செய்த பெயரறியாக் கைதிகளுக்குச் சுயசரிதை இல்லை. அவர்கள் இழுத்த செக்குக்கு நினைவிடமும் இல்லை. வ.உ.சி.யின் துன்பத்தை இது எவ்வகையிலும் சிறுமைப்படுத்துவதாகாது. அவர் எழுதியதனாலேயே அவ்வேலையின் கொடுமை வெளிப்பட்டது என்பதே அவரது எழுத்தின் பெறுமதி.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து இரு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது: சிறைக்கல்வியைப் பற்றிய பனுவல்களைத் திட்டங்களின் எண்ணிக்கையாலோ, தேர்ச்சி பெற்றோரின் தொகையாலோ மட்டும் மதிப்பிட இயலாது. வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரத்திற்குப் பின் அச்சிறைவாசியின் கையில் எது தரப்படுகிறது என்பதை நோக்க வேண்டும். எழுத்துக் கற்றவர் 'ரைட்டர்' வேலைக்கும் கல்லாதவர் துப்புரவுக்கும் செல்லும் வழக்கம் நீடிக்குமாயின், கல்வியே புதியதொரு படிநிலையின் கருவியாகிவிடும்.

இரண்டாவது: சிறை இலக்கியம் என்னும் வகைமையின் எல்லை விரிக்கப்பட வேண்டும். தலைவர்களின் கடிதங்களோடும் நாட்குறிப்புகளோடும் விதித்தொகுப்பு, பணிப்பதிவேடு, முறையீட்டுத் தாள் ஆகியனவும் பாடமாக வைக்கப்பட வேண்டும். தீர்ப்பு விதியைத் திருத்தும். பதிவேட்டில் பத்தி நீங்கும். எனினும் எழுதப்படாத வழக்கம் எழுதப்பட்ட விதியைக் காட்டிலும் நெடிது வாழக்கூடியது. அது நீங்கிற்றா என்பதை அறிவிக்கவல்லோர், அவ்வேலைகளைச் செய்த சிறைவாசிகளே. அவர்களது எழுத்தைத் தேடித் தொகுப்பதும், பியாபாரியின் தன்வரலாறு போன்றவற்றை இந்திய மொழிகளிலிருந்து தமிழ்ப் பாடத்திட்டத்திற்குள் கொணர்வதும் தமிழ்த் துறைகளின் உடனடிப் பணிகளாகும்.